சென்டர் டிஃப் லாக்கைப் பிறகு பொருத்தலாமா? டிஸ்கவரி 2 வைத்திருப்பவர்களுக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: "என்னிடம் இருப்பது லேண்ட் ரோவர் டிஸ்கவரி 2. நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வண்டி. டிராக்ஷன் கண்ட்ரோல் (சுழலும் சக்கரத்துக்குத் தானாகப் பிரேக் போடும் ஏற்பாடு) இருக்கிறது, லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் கியர்) இருக்கிறது. ஆனால் சென்டர் டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி மட்டும் இல்லை. சேற்றில் ஒரு சக்கரம் சுழல ஆரம்பித்தால் வண்டி அங்கேயே திணறுகிறது. லாக்கைப் பிறகு பொருத்த முடியுமா? அது பெரிய வேலையா?"

முடியும். பெரிய வேலையா என்பதற்குப் பதில் உங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள், அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டிக்குள், இருக்கிறது. ஒரே பெயர், ஒரே தோற்றம் உள்ள இரண்டு வண்டிகளில் ஒன்றுக்கு ஒரு லீவரும் இரண்டு கம்பியும் போதும். இன்னொன்றுக்குப் பெட்டியின் முன்பாகத்தையே கழற்ற வேண்டியிருக்கும். அதனால் எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சரி, லாக் எதற்கு என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் ஓடுகின்றன. அந்த வேக வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கத்தான் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல். அது வேகம் மாறுபடுவதை அனுமதிக்கும். ஆனால் இழுவிசையை இரண்டு பக்கமும் சமமாகத்தான் தரும். சிக்கல் அங்கேதான். பின் சக்கரம் ஒன்று வழுக்கும் சேற்றில் நிற்கிறது என்றால், அதைச் சுழற்றக் கொஞ்சம் விசை போதும். பின்பக்கம் அந்தக் கொஞ்சத்தை மட்டுமே ஏற்பதால், நல்ல தரையில் நிற்கும் முன்பக்கத்துக்கும் அதே கொஞ்சம்தான் போகும். நான்கு சக்கரமும் இழுக்கும் என்று பெயர். நடைமுறையில் பிடிமானம் மிகக் குறைந்த ஒரு சக்கரம்தான் வண்டியின் கதியைத் தீர்மானிக்கிறது.

சென்டர் லாக் போட்டால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். இன்ஜின் விசையை அது கூட்டுவதில்லை. எந்த ஆக்ஸிலுக்குப் பிடிமானம் இருக்கிறதோ அங்கே விசை போக வழிவிடுகிறது, அவ்வளவுதான். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல்கள் அப்படியே திறந்தே இருக்கும். ஆகவே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்காக இரண்டு சக்கரங்கள் தூக்கிக்கொண்டால், சென்டர் லாக் மட்டும் காப்பாற்றாது. அந்த இடத்தில் டிராக்ஷன் கண்ட்ரோல் கைகொடுக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வண்டியின் முழுத் திறமை தெரியும்.

நிரந்தர நான்கு சக்கர இழுவை உள்ள பழைய வண்டிகளைத் தயாரித்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. 1970-இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரில் சென்டர் லாக் உண்டு. 1977-இல் வந்த லாடா நிவாவில் உண்டு. சாலைக்கும் ராலிக்கும் என்று செய்த 1980-ஆம் ஆண்டு ஆடி குவாட்ரோவிலேயே உண்டு. டிஸ்கவரியின் முதல் தலைமுறையிலும் லீவரை ஒருபுறமாகத் தள்ளினால் லாக் விழும். 1998-இல் அறிமுகமான இரண்டாம் தலைமுறையில்தான், நான்கு சக்கரத்துக்கும் மின்னணு டிராக்ஷன் கண்ட்ரோல் வந்துவிட்டது, இனி லாக் தேவையில்லை என்று லீவர் இணைப்பை எடுத்துவிட்டார்கள். கடைசியில் 2004 மாடலில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சில சந்தைகளில் அப்போதும் அது கூடுதல் விருப்பமாகவே கிடைத்தது. திரும்பக் கொண்டுவந்ததே போதுமான சாட்சி என்பது என் கருத்து.

டிராக்ஷன் கண்ட்ரோலைக் குறைசொல்லவில்லை. அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது வேலை செய்யும் முறையைப் பாருங்கள். ஒரு சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுழல்வதை சென்சார் கண்டுபிடித்து, அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுகிறது. அந்தத் தடையைத் தாண்ட விசை ஏறும்போது, மறுபக்கத்துக்கும் அதே அளவு ஏறுகிறது. ஆக, முதலில் சக்கரம் சுழன்றாக வேண்டும். பிறகுதான் உதவி வரும். சேற்றிலும் மணலிலும் அந்த முதல் சுழற்சியே சக்கரத்தைக் குழிக்குள் இறக்கிவிடும். ஏற்றத்தில் வேகம் அறுந்துவிடும். நீண்ட நேரம் இப்படியே போனால் பிரேக் சூடாகும். அளவுக்கு மீறிச் சூடாவதைத் தவிர்க்க அமைப்பே சிறிது நேரம் ஒதுங்கிக்கொள்ளும். லாக் இருந்தால் முன் பின் ஆக்ஸில்களுக்கு இடையே நடக்கும் சுழற்சி அறவே இல்லை. டிராக்ஷன் கண்ட்ரோலுக்கு இடது வலது வேலை மட்டும் மிச்சம். அது பாதி பாரம் சுமக்கும்போது எவ்வளவு நிதானமாக வேலை செய்கிறது என்பதை ஒரு முறை பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. டிஸ்கவரி 2 வைத்திருக்கும் எல்லோருக்கும் டாஷ்போர்டில் அந்த மூன்று விளக்குகளையும் தெரியும்: ஏ.பி.எஸ்., டிராக்ஷன் கண்ட்ரோல், ஹில் டிசென்ட் (இறக்கத்தில் தானாகப் பிரேக் போட்டு வேகத்தைக் கட்டுப்படுத்துவது). சக்கர சென்சாரில் ஒரு தகராறு, அல்லது ஏ.பி.எஸ். மாடுலேட்டரில் உள்ள ஷட்டில் வால்வு சுவிட்சில் ஒரு தகராறு என்றால் மூன்றும் ஒன்றாக எரியும். எரிந்தால் டிராக்ஷன் கண்ட்ரோல் இல்லை. லாக்கும் இல்லாத வண்டி அந்த நிமிடம் முதல் கரடுமுரடான பாதையில் சாதாரணக் காரைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. இரும்பில் செய்த லாக்குக்கு சென்சார் தேவையில்லை.

மூன்றாவது காரணம் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டு. டிஸ்கவரி 2-இல் டிரான்ஸ்ஃபர் கேஸை ஒட்டிய முனையில் இரட்டை ஜாயின்ட் இருக்கிறது. தொழிற்சாலையில் பொருத்திய ஜாயின்ட்டுக்கு கிரீஸ் அடிக்க நிப்பிள் கிடையாது. பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் சூடு. உள்ளே கிரீஸ் காய்ந்து ஜாயின்ட் உடைந்தால், சுழலும் ஷாஃப்ட் கியர்பாக்ஸ் உறையையே அடித்து உடைத்துவிடும். கிரீச் என்ற சத்தமோ புதிய அதிர்வோ வந்த உடனே ஷாஃப்ட்டைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியபின் என்ன ஆகும்? சென்டர் டிஃப் திறந்திருக்கிறது. முன் அவுட்புட்டில் எதிர்ப்பே இல்லை. விசை முழுக்க அங்கே வெறுமனே சுற்றிப்போகும். வண்டி ஒரு அடி நகராது. லாக் இருந்தால் அதைப் போட்டுவிட்டுப் பின் சக்கரங்களில் மட்டும் ஓட்டி வீடு வந்து சேரலாம். யாருமில்லாத காட்டுப் பாதையில் இந்த ஒரு வசதிக்காகவே லாக் பொருத்தலாம் என்பேன்.

இப்போது அடியில் போய்ப் பார்ப்போம். டிஸ்கவரி 2-இல் இருப்பது எல்.டி.230 டிரான்ஸ்ஃபர் கேஸ். டிஃபென்டரிலும் முதல் டிஸ்கவரியிலும் இருப்பதன் தம்பி. லாக் இருக்கும் பெட்டியில் அது முன் அவுட்புட் ஹவுசிங்குக்குள் (முன் ஷாஃப்ட்டுக்கு விசை வெளியேறும் இடத்தில் உள்ள உறை) இருக்கும்: ஒரு சிறிய குறுக்கு ஷாஃப்ட், அது தள்ளும் ஃபோர்க், ஃபோர்க் நகர்த்தும் பல்வைத்த ஸ்லீவ். ஸ்லீவ் நகர்ந்து முன் அவுட்புட் ஷாஃப்ட்டை டிஃபரன்ஷியல் உறையோடு பிணைத்ததும் லாக் விழுந்தது. வெளியில் தெரிவது ஹவுசிங்கின் மேல்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு முளை மட்டும்தான். இரண்டு பக்கம் தட்டையாக, ஸ்பேனர் பிடிக்கும்படி இருக்கும். பல வருடச் சேறு அதன்மேல் கெட்டியாகப் படிந்திருக்கும். கழுவித் துடைத்துவிட்டு, டார்ச் அடித்து, விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லும்.

பொதுவாக, 1998 முதல் 2001 வாக்கில் செய்த வண்டிகளில் உள்ளிருக்கும் பாகம் எல்லாம் அப்படியே இருக்கும், லீவர் இணைப்பு மட்டும் இருக்காது. அதற்குப் பிந்தைய, 2003 வரையான வண்டிகளில் உள்ளே இருப்பதையும் எடுத்துவிட்டார்கள். முளை இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருக்கும். 2004 மாடலில் மறுபடி முழுதாக வந்தது. இந்த ஆண்டுக் கணக்கை முழுதாக நம்ப வேண்டாம். மாற்றம் நடந்த மாதங்களில் இரண்டு வகையும் வெளிவந்திருக்கின்றன. மேலும் இவ்வளவு வயதான வண்டியில் யாராவது ஒருமுறை பெட்டியையே மாற்றியிருக்கலாம். பதிவுச் சான்றிதழில் உள்ள வருடத்தைவிட அந்த முளைதான் நம்பகமான ஆவணம்.

முளை இருந்தால் பாதி வேலை முடிந்தது. 10 எம்.எம். ஸ்பேனரை மாட்டித் திருப்பினாலே லாக் விழும். இருபது வருடமாக யாரும் தொடாத ஷாஃப்ட் இறுகியிருக்கலாம். துருநீக்கி எண்ணெய் ஊற்றி ஒருநாள் விட்டு, இப்படியும் அப்படியும் மெதுவாக அசைத்து இளக்குங்கள். நீளமான பைப்பை மாட்டி நெம்ப வேண்டாம்; உள்ளே இருக்கும் ஃபோர்க் வளைந்தால் பெட்டியைத் திறக்க வேண்டிவரும். திருப்பும்போது பல்லுக்குப் பல் நேராக நின்றுவிட்டால் ஸ்லீவ் உள்ளே போகாது. அப்போது வண்டியை ஒரு சக்கர அளவு உருட்டிவிட்டு மறுபடி முயலுங்கள்.

லாக் உண்மையில் விழுந்ததா என்பதை உறுதிசெய்ய ஒரு எளிய சோதனை. சமதரையில் நிறுத்தி, மற்ற மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைக்கவும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். லாக் திறந்திருந்தால் தூக்கிய சக்கரம் கையால் சுற்றும். லாக் விழுந்திருந்தால் ஜாயின்ட்களின் லூஸ் அளவுக்கு மட்டும் அசைந்து, டக் என்று நின்றுவிடும். விளக்கு எரிவதைவிட இந்த டக்தான் சரியான சான்று.

ஜாக்கி பற்றிப் பேசும்போதே ஒரு எச்சரிக்கை. இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் அவுட்புட்டில் உள்ள டிரம்மில் இருக்கிறது. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பிப் பின் சக்கரம் ஒன்றைத் தூக்கினால், ஆக்ஸில் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் உருள, வண்டி ஜாக்கியிலிருந்து நழுவிவிடும். லாக் போட்டிருந்தால் அதே ஹேண்ட் பிரேக் முன் சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும். பாதையில் டயர் மாற்றும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். லாக் இருந்தாலும் கட்டை கொடுப்பதை விட்டுவிட வேண்டாம்.

அப்புறம் லீவர். ஒவ்வொரு முறையும் படுத்துக்கொண்டு ஸ்பேனர் போடுவது வருடத்துக்கு ஒருமுறை மண்பாதை போகிறவருக்குச் சரி. அடிக்கடி போகிறவருக்கு உள்ளேயிருந்து இயக்கும் வசதி வேண்டும். டிஸ்கவரி 2-இன் ரேஞ்ச் லீவர் முன்னும் பின்னும் மட்டும் நகரும். லாக்குக்குப் பக்கவாட்டு நகர்வும் வேண்டும். இதற்கு மிகச் சுத்தமான வழி 2004 மாடலின் லீவர் தொகுதியையும் இணைப்புக் கம்பிகளையும் முழுதாக வாங்கிப் பொருத்துவது. போல்ட் துளைகள் பொருந்தும், கன்சோல் மூடியும் அதற்கே செய்தது. கிடைப்பது கடினம் என்பதுதான் குறை. முதல் டிஸ்கவரியின் லீவரையும் பலர் போட்டிருக்கிறார்கள். ஆனால் கம்பியை வளைத்தோ சுருக்கியோ சரிசெய்ய வேண்டியிருக்கும், கன்சோலில் லீவருக்கான துளையைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். மூன்றாவது வழி கேபிள்: முளையில் ஒரு கையைப் பொருத்தி, அதிலிருந்து கேபிளை உள்ளே கொண்டுவந்து ஒரு குமிழில் முடிப்பது. எனக்குக் கேபிளைவிடக் கம்பிதான் பிடிக்கும். கேபிள் தள்ளும்போது கொஞ்சம் வளைந்துகொடுக்கும். ஸ்லீவ் பாதி தூரம் போய் நின்றிருப்பது கைக்குத் தெரியாது. கேபிள்தான் என்று முடிவுசெய்தால் எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கி, கூர்மையான வளைவு இல்லாமல் கொண்டுபோங்கள்.

எந்த வழியானாலும் சரிபார்க்க வேண்டியது ஒன்றே: லீவர் தன் பாதையின் முடிவைத் தொடும் முன் முளை தன் முடிவைத் தொட வேண்டும். கம்பியின் நீளம் தப்பாக இருந்தால் லீவர் கன்சோலில் முட்டி நின்றுவிடும், ஸ்லீவ் பாதிப் பல்லில் தொங்கும். அந்த நிலையில் ஏற்றத்தில் விசை கொடுத்தால் பல் முனைகள் மழுங்கும். மழுங்கியபின் லாக் தானாகக் கழன்றுகொள்ளும். கம்பியைக் கழற்றி, கையால் முளையை இரண்டு முனைக்கும் திருப்பிக் குறித்துக்கொண்டு, அதற்கேற்பக் கம்பியை அளந்து பொருத்துங்கள். கன்சோலை மூடும் முன் அடியில் உள்ள ரப்பர் உறையையும் சரியாக உட்கார வையுங்கள். அது பிசகினால் சேறும் சத்தமும் சூடும் உள்ளே வரும்.

விளக்கும் வேண்டும். லாக் போட்டதை மறந்து தார்ச்சாலையில் ஓட்டுவதைத் தடுக்க அது ஒன்றுதான் உண்டு. ஹவுசிங்கில் லாக் சுவிட்சுக்கான துளை இருக்கும். லாக் இணைப்பு இல்லாத வண்டியில் அதை அடைத்திருப்பார்கள். சுவிட்சைப் பொருத்தும் முறை: லாக்கைப் போட்டு, சுவிட்சில் ஒரு சோதனை விளக்கை இணைத்து, விளக்கு எரியும்வரை சுவிட்சைத் திருகி உள்ளே விட்டு, அதற்குமேல் அரைச் சுற்று திருகி, லாக் நட்டை இறுக்க வேண்டும். டாஷ்போர்டில் அதற்கான வயரிங்கைத் தேடி அல்லாடுவதைவிட, இக்னிஷன் போட்டால் மின்சாரம் வரும் ஒரு ஃபியூஸிலிருந்து தனியாக எடுத்து, கண்ணில் படும் இடத்தில் ஒரு சின்ன ஆம்பர் விளக்கு வைத்துவிடுவது நல்லது.

இனி முளை இல்லாத வண்டி. இங்கே முன் அவுட்புட் ஹவுசிங்கை மாற்ற வேண்டும். ஷாஃப்ட், ஃபோர்க், ஸ்லீவ், அதற்குப் பொருந்தும் முன் அவுட்புட் ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்த முழு ஹவுசிங்காக, எல்.டி.230 உள்ள வேறு வண்டியிலிருந்து எடுக்கலாம். பெட்டியை வண்டியிலிருந்து இறக்காமலே செய்யலாம். எண்ணெயை வடித்து, முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, ஹவுசிங்கின் போல்ட்களை எடுத்தால் அது முன்பக்கமாக வெளியே வரும். திறந்ததும் முதல் வேலை, டிஃபரன்ஷியலின் முன்பாகத்தில் ஸ்லீவ் பிடிக்கும் பற்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. இல்லையென்றால் டிஃபரன்ஷியலும் மாற வேண்டும். அப்போது முழுப் பெட்டியையே மாற்றுவது மலிவாகவும் முடியலாம். அதனால் புதிய ஹவுசிங்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் பழையதைக் கழற்ற வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

பலர் தாண்டிப்போகும் இடம் இதற்கு அடுத்தது. எல்.டி.230-இல் சென்டர் டிஃபரன்ஷியலின் முன் பேரிங், ஹவுசிங்குக்குள்தான் உட்காருகிறது. பேரிங்குக்குத் தேவையான முன்அழுத்தம் (ஆட்டம் இல்லாதபடி பொருத்தும்போதே தரும் அழுத்தம்), பேரிங்கின் வெளி வளையத்துக்குப் பின்னால் வைக்கும் ஷிம் தகட்டின் தடிமனால் கிடைக்கிறது. ஒவ்வொரு ஹவுசிங்கும் மயிரிழை அளவில் வேறுபட்டுத்தான் வார்க்கப்பட்டிருக்கும். வேறு வண்டியின் ஹவுசிங்கை அதன் பழைய ஷிம்மோடு அப்படியே மாட்டினால், டிஃபரன்ஷியல் லூஸாக ஆடலாம், அல்லது பேரிங் நசுங்கி ஓடலாம். லூஸ் என்றால் விசை கொடுத்து எடுக்கும்போதெல்லாம் அடியில் 'டொக்' என்று கேட்கும். இறுக்கம் என்றால் சில காலம் ஒன்றும் தெரியாது. பிறகு முனகல் வரும், எண்ணெயில் இரும்புத் தூள் வரும். ஒர்க்ஷாப் கையேட்டில் சொன்னபடி முன்அழுத்தத்தை அளந்து, ஷிம்மை மாற்றிப் பொருத்தத் தெரிந்தவரிடம் இந்த ஒரு கட்டத்தை மட்டுமாவது கொடுங்கள். "பேக்கிங் போட்டு மூடிவிட்டால் போதும்" என்று சொல்பவரிடம் வண்டியை விட வேண்டாம்.

ஹவுசிங் வெளியே இருக்கும்போதே ஆயில் சீலையும் குறுக்கு ஷாஃப்ட்டின் ஓ-ரிங்கையும் புதிதாகப் போடுங்கள். முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் கழன்றிருக்கிறது. கிரீஸ் நிப்பிள் உள்ள ஜாயின்ட்களாக மாற்ற இதைவிட நல்ல சமயம் வராது.

முழுப் பெட்டியையே மாற்றுவதானால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று கியர் விகிதம். டிஸ்கவரியின் ஹை ரேஞ்ச் 1.211, டிஃபென்டரின் ஹை ரேஞ்ச் 1.410. டிஃபென்டர் பெட்டியைப் போட்டால் அதே வேகத்துக்கு இன்ஜின் சுமார் 16 சதவீதம் அதிகமாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் அது எரிச்சலாக இருக்கும், எரிபொருளும் போகும். பெரிய டயர் போட்டவர்களுக்கு அதுவே வசதியாகவும் இருக்கலாம். டிஸ்கவரி 2 தன் வேகத்தை சக்கர சென்சார்களிலிருந்து எடுப்பதால் ஸ்பீடோமீட்டர் இதனால் தப்பாகக் காட்டாது. இரண்டாவது, லோ ரேஞ்சில் இருக்கிறோம் என்று கணினிக்குச் சொல்லும் சுவிட்ச். பழைய பெட்டியிலிருந்து அதைப் புதியதற்கு மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் ஹில் டிசென்ட் போன்றவை குழம்பும்.

பொருத்தியபின் ஓட்டும் முறை எளிது. வண்டி நேராக, மெதுவாகப் போகும்போது, ஆக்ஸிலரேட்டரைச் சற்று விட்டு, சக்கரம் எதுவும் சுழலாத தருணத்தில் போட வேண்டும். ஒரு சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது லாக்கைத் தள்ளினால் பற்கள் அடிபடும். ஆகவே வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டபின் போடுவதல்ல. சேறு தெரியும்போதே, அதற்கு முன்பே போடுவது. காய்ந்த தார்ச்சாலையிலும் சிமென்ட் தரையிலும் லாக்கோடு ஓட்டக் கூடாது. முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் ஓட வேண்டிய நிலையில், சக்கரம் வழுக்கவும் இடமில்லை என்றால், அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்களிலும் ஜாயின்ட்களிலும் சேரும். ஸ்டீயரிங் கனக்கும், டயர் தேயும், கடைசியில் எது பலவீனமோ அது உடையும். சேறு, மணல், சரளை, பனி என்றால் சக்கரம் லேசாக வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும். லாக்கை எடுத்தபின்னும் விளக்கு அணையவில்லை என்றால் பழுது என்று பதற வேண்டாம். முறுக்கு பற்களைப் பிடித்துவைத்திருக்கும். ரிவர்ஸில் நேராகச் சில அடி போனால் கழன்றுகொள்ளும்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களும் இதையே கேட்பதுண்டு. சுஸுகி ஜிம்னி போல, தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரத்தை இணைக்கும் வண்டிகளில் சென்டர் டிஃபரன்ஷியலே கிடையாது. நான்கு சக்கரத்தில் போட்டதுமே முன்னும் பின்னும் பூட்டியதற்குச் சமம். அங்கே பொருத்த எதுவுமில்லை. கிளட்ச் மூலம் பின் ஆக்ஸிலை இணைக்கும் காரை ஒத்த வண்டிகளிலும் சென்டர் டிஃப் இல்லை; அவற்றில் இரும்பு லாக் போடும் வழியே இல்லை. டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வேறு கதை. அதன் நிரந்தர நான்கு சக்கர வகையில் லாக் உள்ளே இருக்கிறது, மோட்டார் அதை இயக்குகிறது. ஆனால் சில சந்தைகளுக்குப் போன வண்டிகளில் தனி சுவிட்ச் இல்லை, லோ ரேஞ்ச் போட்டால் தானாக விழும். ஹை ரேஞ்சிலும் லாக் வேண்டுமானால் டாஷ்போர்டில் சுவிட்சைச் சேர்த்தால் போதும். அதற்கான பிளக் டாஷ்போர்டுக்குப் பின்னால் தயாராகவே தொங்குவதுண்டு, முதலில் தேடிப் பாருங்கள். அதில் லாக் விழுந்தால் ஏ.பி.எஸ். நின்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

லாக்குக்குப் பதிலாக, விசையைத் தானாகப் பகிரும் டார்க் பயாஸிங் சென்டர் டிஃபரன்ஷியல் போடலாமா என்றும் கேட்பார்கள். மழைச் சாலைக்கும் சரளைக்கும் அது அருமையானது. எதையும் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அது குறைந்த பக்கம் ஏற்கும் விசையைச் சில மடங்காக்கித்தான் மறுபக்கம் தரும். முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் அங்கே எதிர்ப்பு பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்யம்தான். எனவே அது லாக்குக்கு மாற்று ஆகாது.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் மூன்று விளக்குகள் எரிகிறதா என்று பார்த்து, எரிந்தால் அதைச் சரிசெய்யுங்கள். சேற்றில் திணறுவதற்கு டிராக்ஷன் கண்ட்ரோல் வேலை செய்யாததே காரணமாக இருக்கலாம். அடுத்து முன் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்களைச் சோதியுங்கள். பிறகு முளையைத் தேடுங்கள். இருந்தால் ஸ்பேனரோடு ஒருமுறை உங்கள் பாதைக்குப் போய்வாருங்கள்; லாக் எவ்வளவு உதவுகிறது என்று தெரிந்தபின் லீவருக்குச் செலவு செய்யலாம். இல்லையென்றால், நல்ல ஹவுசிங் கிடைக்கும்வரையும் ஷிம் வைக்கத் தெரிந்த கை கிடைக்கும்வரையும் பொறுத்திருங்கள். லாக் வந்தபின் மாதம் ஒருமுறையாவது மண்தரையில் போட்டு எடுங்கள். எல்.டி.230-இன் லாக் இணைப்பு பயன்படுத்தாமல் விட்டால் இறுகிப்போகும் வழக்கம் உள்ளது.